பறக்காத கோல்கீப்பரின் ஊர்கள்

அக்டோபர் 10, வெள்ளி: உதினே

வெனிஸ் விமான நிலையத்தில் இறங்கிவிட்டு வெனிஸைப் பார்க்காமல் வடகிழக்கே ரயில் ஏறினால் இத்தாலிக்காரர்களே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பக்கத்து இருக்கை அம்மாள், "உதினேயில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவர் பிறந்து வளர்ந்த ஊரே உதினேதானாம். தீனோ ஜோஃப் ஆடிய ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவர் அதிகம் பேசவே மாட்டாரே" என்றார். அதோடு அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

ஜோஃப் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1982இல் இத்தாலி கால்பந்து உலகக் கோப்பையை வென்றபோது அணியின் கேப்டன், கோல்கீப்பர். அப்போது அவருக்கு வயது 40. அதற்கு முன் அந்த வயதில் யாரும் உலகக் கோப்பை வென்றதில்லை. எனக்கு அவரைப் பிடித்த காரணம் வேறு. அவர் பறக்க மாட்டார். பந்து எங்கே வரும் என்று கணித்து முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிடுவார். பழைய காட்சிகளைப் பார்த்தால், அடித்தவன்தான் மடத்தனமாக அவர் கைக்கே அடித்துவிட்டான் என்று தோன்றும். இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தால்தான் அடிப்பதற்கு முன்பே மனிதர் இரண்டு எட்டு நகர்ந்திருப்பது தெரியும்.

உதினேயில் நல்ல மழை. உதினேசே அணியின் பழைய மைதானம் இருந்த இடம் இப்போது பூங்கா. மொரெத்தி பூங்கா என்று பெயர். 1976 வரை அணி அங்கேதான் ஆடியது. நான் போனபோது நனைந்த நாய் ஒன்றும் அதை இழுத்துக்கொண்டு ஒரு பையனும் மட்டும் இருந்தார்கள்.

ஜோஃப் முதன்முதலில் இத்தாலியின் முதல் டிவிஷனில் ஆடியது 1961 செப்டம்பரில், ஃப்ளோரன்ஸ் நகரில், உதினேசேவுக்காக. ஐந்து கோல் வாங்கினார். 5-2. அடுத்த வாரம் சினிமாவுக்குப் போனவர், படத்துக்கு முன்னால் காட்டும் செய்திப் படத்தில் அந்த ஐந்து கோலும் வரவே, இருக்கையில் சரிந்து ஒளிந்துகொண்டாராம். அந்த வருடம் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

இரவு ஒரு சின்ன மதுக்கடை. இங்கே சாப்பாட்டுக்கு முன் சின்னக் கண்ணாடி தம்ளரில் வெள்ளை ஒயின் குடிப்பது வழக்கம். ஒரு தம்ளர் 2 யூரோ. நின்றுகொண்டே குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். நான் உட்கார்ந்து ஃப்ரீக்கோ வாங்கினேன். மொந்தாசியோ என்கிற உள்ளூர் சீஸையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து, வெளிப்பக்கம் முறுகும் வரை வாட்டிய தடிமனான வட்டம். கூடவே பொலெந்தா என்ற சோளமாவுக் களி. 12 யூரோ. பாதிக்கு மேல் முடியவில்லை. கடைக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மீதியைத் தாளில் மடித்துக் கையில் கொடுத்தார்.

ஜோஃபைப் பற்றிக் கேட்டால் அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோரும் ஜீக்கோவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 1983இல் பிரேசிலின் ஜீக்கோ இந்தச் சின்ன ஊர் அணிக்கு வந்தார். அதே கோடையில்தான் ஜோஃப் ஓய்வு பெற்றார். தங்கள் மண்ணின் பையனை விட்டுவிட்டு வந்தவரைக் கொண்டாடுகிறார்களே என்று இருந்தது. ஆனால் ஜீக்கோ ஃப்ரீ கிக் அடித்தால் பார்க்கலாம். சரியான இடத்தில் நிற்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அக்டோபர் 12, ஞாயிறு: கோர்மோன்ஸ், மரியானோ

நேற்று முழுக்க மழையில் கோர்மோன்ஸில் அடைந்து கிடந்தேன். எழுத ஒன்றும் இல்லை. திராட்சைக் குன்றுகளுக்குக் கீழே இருக்கும் அழகான சிற்றூர். சதுக்கத்தில் மாக்சிமிலியன் என்ற, ஆஸ்திரிய அரச குடும்பத்துப் பேரரசரின் சிலை நிற்கிறது. முதல் உலகப் போர் வரை இந்தப் பக்கம் முழுவதும் ஆஸ்திரியாவிடம்தான் இருந்தது. பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹாம் இங்கே பிரசித்தம். தாள் கனத்தில் சீவித் தருகிறார்கள்.

மரியானோ தெல் ஃப்ரியூலி இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். 1942 பிப்ரவரி 28 அன்று ஜோஃப் பிறந்த கிராமம். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது என்று விடுதிக்கார அம்மாள் காலை ஏழு மணிக்குச் சொன்னார், நேற்று ராத்திரி நாலு தடவை பஸ் நேரம் கேட்டபோது சொல்லாமல். சரி, நடக்கலாம் என்று கிளம்பினேன். மழை நின்றிருந்தது. காற்று மட்டும் எலும்பு வரை போனது. அறுத்த சோளக் காடுகள், வாய்க்கால், நேர்கோட்டில் சாலை. பாதி வழியில் ஒரு பழைய சின்னக் கார் என்னைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்தது. அறுபது வயது மதிக்கத்தக்கவர் கதவைத் திறந்துவிட்டார். "மரியானோ?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மாதா கோவில் முன்னால் இறக்கிவிட்டார். நான் நன்றி சொல்லி முடிக்கும் முன் கார் திரும்பிவிட்டது.

பூசை முடிந்து கூட்டம் மதுக்கடைக்குள் நுழையும் நேரம். காபி 1.30 யூரோ. என் இத்தாலிய மொழி சாப்பாட்டு மேசையைத் தாண்டாது. மிச்சத்துக்குப் போனும் கையும்தான். ஆனாலும் ஜோஃப் பெயரைச் சொன்னதும், சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருவர் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். பேச ஆசைப்பட்டு வந்தவர் மாதிரித் தெரியவில்லை. வெளியூர்க்காரன் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது முறை என்று வந்தவர் மாதிரி இருந்தது.

அவர் சொன்னதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. ஆனால் அந்த ஊரிலேயே கேட்பது நன்றாக இருந்தது. 14 வயதில் பெரிய அணிகளான இன்டர் மிலானும் தூரின் நகரத்து யுவென்டஸும் ஜோஃபைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பின. பாட்டி அதெலெய்தே முட்டை சாப்பிடச் சொன்னார். விவசாயக் குடும்பம், வீட்டில் கோழிக்குப் பஞ்சமில்லை. ஐந்து வருடத்தில் பையன் 33 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டான். முட்டைதான் காரணமா, வயசுதான் காரணமா என்று நான் கேட்டேன். "பாட்டி" என்றார் பெரியவர்.

அந்த வருடங்களில் ஜோஃப் மோட்டார் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டிருந்தார். உள்ளூர் அணியில் ஆட்டம். அவர் அப்பாவைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு ஆட்டத்தில் கோல் வாங்கிவிட்டு, "அவன் அடிப்பான் என்று எதிர்பார்க்கவில்லை அப்பா" என்றாராம் மகன். "ஏன், நீ என்ன மருந்துக்கடையா வைத்திருக்கிறாய்?" என்று கேட்டாராம் அப்பா. கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கிறவனுக்கு எதிர்பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? கோல்கீப்பிங் பற்றி எத்தனையோ பயிற்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த விவசாயியைத் தாண்டி ஒருவரும் சொல்லிவிடவில்லை என்று நினைக்கிறேன்.

1982இல் பயிற்சியாளராக இருந்த என்சோ பேயர்சோத்தும் இந்தச் சமவெளிக்காரர்தான். பக்கத்தில் உள்ள அயெல்லோ அவர் ஊர். பத்திரிகைகள் அந்த அணியைக் கிழித்துத் தொங்கவிட்டபோது, வீரர்கள் யாரும் நிருபர்களிடம் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கேப்டன் ஒருவர் மட்டும் அணி சார்பில் பேசுவார் என்று ஏற்பாடு. பேசாத அணிக்கு வாயாக ஜோஃபை வைத்தார்கள்! நிருபர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்று இந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தால் புரிகிறது. நாலு பேர் ஒரு மணி நேரம் சீட்டாடுகிறார்கள், மேசையில் சீட்டு விழும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

காபிக்குக் காசு கொடுக்கப் போனேன். கொடுத்தாகிவிட்டது என்று கல்லாவில் இருந்த பெண் சொன்னாள். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. சீட்டாட்ட மேசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

அக்டோபர் 13, திங்கள்: ரயிலில்

மாந்துவாவுக்கு இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டும். அரை நாள் போய்விட்டது. வெளியே பார்க்க ஒன்றுமில்லாத சமவெளி. அதனால் கணக்குப் பேசலாம்.

1972 செப்டம்பரில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக ஒரு கோல் வாங்கினார். அதற்கப்புறம் தேசிய அணிக்காக 1,142 நிமிடம் ஒரு கோல்கூட விடவில்லை. நடுவில் பிரேசில் வந்து போனது. வெம்ப்ளியில் இங்கிலாந்தும் முயன்று பார்த்தது. கடைசியில் 1974 ஜூன் 15, ம்யூனிக். எதிரணி ஹெய்ட்டி. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய உடனே எம்மானுவேல் சனோன் என்ற இளைஞர் தடுப்பாட்டக்காரரை ஓட்டத்தில் முந்தி, ஜோஃபையும் சுற்றிக் கடந்து கோல் போட்டுவிட்டார். இத்தாலி 3-1 என்று ஜெயித்தது. ஆனாலும் அந்த ஆட்டத்தில் ஹெய்ட்டிக்காரர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு கோலைத்தான். பெரிய பெரிய அணிகளுக்கெல்லாம் திறக்காத கதவு ஒரு தீவு நாட்டுப் பையனுக்குத் திறந்தது. எனக்கு இதில் வருத்தமே இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்: மாந்துவா

மூன்று பக்கம் ஏரி, நடுவில் செங்கல் நிறத்தில் ஊர். காலையில் மூடுபனி விலகவே பத்தரை மணி ஆனது. விடுதியில் சைக்கிள் இலவசம். கல் பாவிய தெருவில் அதை ஓட்டினால் பல் ஆடுகிறது. கொன்சாகா அரண்மனையில் மந்தேஞ்ஞா வரைந்த அறையைப் பார்க்க வரிசையில் நின்றேன். உள்ளே சில நிமிடம்தான் விடுகிறார்கள். கூரையில் குட்டித் தேவதைகள் எட்டிப் பார்க்கிற வட்டத்தின் கீழே நின்று எல்லோரும் வாயைத் திறந்து வைத்திருந்தார்கள், நானும்தான்.

மதியம் பூசணிக்காய் அடைத்த பாஸ்தா, தொர்தெல்லி தி சூக்கா. உள்ளே பூசணியோடு பாதாம் பிஸ்கட் தூளும், கடுகு நெடி ஏறும் பழ ஊறுகாயும். மேலே வெண்ணெயும் சீஸும். முதல் வாய் இனிப்பு, அப்புறம் உப்பு, கடைசியில் மூக்கில் கடுகு. 13 யூரோ. இந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு இதுதான் என்று மூன்றாவது வாயிலேயே முடிவு செய்துவிட்டேன். பரிமாறிய பெண் முடிந்ததும் வந்து, பிடித்ததா என்று கேட்காமல், ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

1963இலிருந்து 1967 வரை ஜோஃப் இந்த ஊர் அணியில் இருந்தார். மைதானத்தின் பெயர் தனிலோ மர்தெல்லி. கேட் பூட்டியிருந்தது. சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு நடை. சுவருக்கு வெளியே ஒரு தாத்தா பேரனின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஜோஃப் என்றதும் பம்பைக் கீழே வைத்துவிட்டார். "ஜூன் முதல் தேதி, அறுபத்தேழு" என்றார், தன் கல்யாண நாளைச் சொல்வது போல.

அன்று லீகின் கடைசி நாள். இன்டர் மிலான் இங்கே வந்தது. ஒரு வாரத்துக்கு முன்புதான் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் செல்டிக்கிடம் தோற்றிருந்தார்கள். ஆனாலும் இங்கே ஜெயித்தால் லீக் பட்டம் கையில். மாந்துவாவின் தி ஜாக்கோமோ பக்கவாட்டிலிருந்து சாதாரணமாக ஒரு பந்தை உள்ளே அடித்தார். இன்டரின் கோல்கீப்பர் ஜூலியானோ சார்த்தி கைக்குள் வந்த பந்து நழுவிக் கோட்டைத் தாண்டியது. 1-0. மறுமுனையில் ஜோஃப் எதையும் உள்ளே விடவில்லை. பட்டம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் யுவென்டஸுக்குப் போனது.

தாத்தா நடித்தே காட்டினார். சார்த்தியின் கை எப்படி விரிந்தது, பந்து எந்த இடுக்கில் போனது, சார்த்தி எப்படித் திரும்பிப் பார்த்தார் என்று. பேரன் சிரித்தான். ஜோஃப் அன்று என்னென்ன தடுத்தார் என்று கேட்டேன். தாத்தா யோசித்தார். ரொம்பவே யோசித்தார். "எல்லாவற்றையும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சார்த்தியின் கையை நடித்துக் காட்ட ஆரம்பித்தார். சார்த்தி ஒன்றும் சாதாரண ஆளில்லை. இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற இன்டரின் கோல்கீப்பர், அவரும் அலட்டாமல் நின்று ஆடுகிறவர்தான். ஆனால் மாந்துவாவில் அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு பந்துதான்.

சாயங்காலம் ஸ்ப்ரிசொலோனா என்ற பாதாம் கேக் வாங்கினேன். கத்தியால் வெட்டக் கூடாதாம், கையால்தான் உடைக்க வேண்டுமாம். உடைத்ததில் பாதி சட்டையில்.

அக்டோபர் 16, வியாழன்: நேப்பிள்ஸ்

உதினே பக்கத்து ஃப்ரியூலியின் மௌனத்துக்குப் பழகின காதுக்கு நேப்பிள்ஸ் ஸ்டேஷன் ஒரு அடி. ஊரே ஒரே நேரத்தில் பேசுகிறது. வெயில் வேறு, அக்டோபர் நடுவில் 25 டிகிரி. கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

நேற்று ராத்திரி படுக்கை லேசாக ஆடியது. கண்ணாடி தம்ளர் மேசையில் கிணுகிணுவென்றது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தங்கியிருப்பது ஃபுவோரிக்ரோத்தாவில், மைதானத்துக்குப் பக்கம். கீழே கம்பி ஃப்லெக்ரெய் என்ற எரிமலைப் படுகை, தரை மெல்ல எழும்பிக்கொண்டே இருக்கிறதாம். காலையில் விடுதிக்காரரிடம் கேட்டேன். "சின்னதுதான், காபி குடியுங்கள்" என்றார். இங்கே காபிக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் தருகிறார்கள், கேட்காமலே. 1.20 யூரோ. இத்தாலியில் இதுவரை குடித்ததில் இதுதான் காபி.

மைதானத்துக்கு ஜோஃப் காலத்தில் சான் பாவொலோ என்று பெயர், இப்போது தியேகோ அர்மாந்தோ மரதோனா. ஊர் முழுக்கச் சுவரில் மரதோனா, சலூனில் மரதோனா, மீன்கடையில் மெழுகுவத்தி ஏற்றி மரதோனா. ஜோஃப் 1967இலிருந்து 1972 வரை ஐந்து வருடம் இங்கே ஆடினார். சுவரில் அவரைத் தேடுவது வீண் வேலை.

ஆனால் அவர் தேசிய அணிக்கு முதன்முதலில் ஆடியது இந்தப் புல்லில்தான், 1968 ஏப்ரல் 20, பல்கேரியாவுக்கு எதிராக. 2-0. அந்த வெற்றியால் இத்தாலி ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பின் கடைசி நாலு அணிக்குள் வந்தது. ஜூனில் அரையிறுதியும் இங்கேதான், சோவியத் யூனியனுடன். கூடுதல் நேரம் ஆடியும் 0-0. அப்போது பெனால்டி ஷூட் அவுட் கிடையாது. நாணயம் சுண்டினார்கள்! கேப்டன் ஃபக்கெத்தி சரியாகச் சொல்ல, இத்தாலி இறுதிக்குப் போனது. ரோமில் யூகோஸ்லாவியாவுடன் 1-1, இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம், 2-0. தேசிய அணிக்குள் வந்து இரண்டே மாதத்தில் ஜோஃப் ஐரோப்பிய சாம்பியன். அப்படியிருந்தும் 1970 உலகக் கோப்பையில் அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அல்பெர்த்தோசியை ஆடவிட்டார்கள். அதற்கு ஜோஃப் புலம்பியதாக நான் எங்கும் படித்ததில்லை.

மதியம் ஒரு பொரியல் கடை. கூம்பு மடித்த தாளில் பொரித்த நெத்திலி, கணவாய், உருளை போண்டா மாதிரி ஒன்று. 7 யூரோ. நின்று சாப்பிடும்போது கடைக்காரரிடம் ஆரம்பித்தேன். யுவென்டஸுக்குப் போன ஆளை இந்த ஊரில் விசாரிக்கலாமா என்று உள்ளூரப் பயம்தான். வரிசையில் நின்ற நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

1972இல் ஜோஃபும் பிரேசிலிலிருந்து வந்த முன்கள வீரர் அல்தாஃபினியும் ஒரே பேரத்தில் யுவென்டஸுக்குப் போனார்கள். மாற்றாக கார்மிஞ்ஞானி என்ற கோல்கீப்பர் இங்கே வந்தார். 1975இல் பட்டத்தை முடிவுசெய்யும் ஆட்டத்தில் அல்தாஃபினி கடைசி நிமிடங்களில் பழைய அணி மேலேயே கோல் போட்டார். அவருக்கு "நன்றிகெட்ட நெஞ்சு" என்று பெயர் வந்து இன்றுவரை போகவில்லை. "ஜோஃப்?" என்று கேட்டேன். அவரும் அந்த ஆட்டத்தில் யுவென்டஸ் பக்கம்தானே நின்றார்?

"ஜோஃபை விற்றார்கள், அவர் போனார்" என்றார் ஒருவர். "அவர் கோல் போட்டாரா? தன் வேலையைச் செய்தார்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இருவரையும் திட்டினார். அவருக்கு யுவென்டஸுக்குப் போன யாராக இருந்தாலும் யுவென்டஸ்தான். அப்புறம் அவர்களுக்குள் சண்டை முற்றி, பேச்சு 2016இல் அங்கே போன இகுவாயினுக்குத் தாவி, என் தாளில் இருந்த நெத்திலியை ஒருவர் பேச்சுவாக்கில் எடுத்துத் தின்றுவிட்டார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நெத்திலி கூடுதலாகப் போட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி: நேப்பிள்ஸ் ஸ்டேஷன்

ரயில் வேலைநிறுத்தம். இங்கே இது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வருமாம், முன்னறிவிப்போடு. அறிவிப்பு இத்தாலியனில் என் போனுக்கு மூன்று நாள் முன்பே வந்திருக்கிறது, விளம்பரங்களுக்கு நடுவில். தூரின் வண்டி பலகையில் முதலில் 40 நிமிடத் தாமதம், அப்புறம் 110, அப்புறம் ரத்து. கவுன்ட்டரில் ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் போகும் ஒரு வண்டியில் இடம் கிடைத்தது.

தரையில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ரோம் நகரத்து ஆசிரியை ஒருவர் ஆங்கிலம் பேசினார். பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்துப் பாதியைத் தந்தார். என் பயணக் கதையைக் கேட்டுவிட்டு, தனக்கு ஜோஃப் கோல்கீப்பராக நினைவில்லை, பயிற்சியாளராகத்தான் தெரியும் என்றார். 2000 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதி, ராட்டர்டாமில். இத்தாலி 1-0 முன்னிலை. கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களும் முடியும் தறுவாயில் பிரான்சின் வில்தோர் சமன் செய்தார், அப்புறம் கூடுதல் நேரத்தில் த்ரெஸெகேயின் கோல்டன் கோல், போட்ட உடனே ஆட்டம் முடிந்துவிடும் கோல். மறுநாள் அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனி, பிரான்சின் ஸிதானைக் கவனிக்க ஒரு ஆளைப் போட்டிருக்க வேண்டாமா, இது கத்துக்குட்டி வேலை என்கிற ரீதியில் பேசினார். அதற்கு மறுநாள் ஜோஃப் ராஜினாமா செய்துவிட்டார்.

"கெஞ்சியும் கேட்கவில்லை" என்றார் ஆசிரியை. "இந்த நாட்டில் யாராவது ராஜினாமா செய்து பார்த்திருக்கிறீர்களா?" நான் பலகையைப் பார்த்தேன். இன்னொரு வண்டி ரத்து.

தூரினில் இறங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. டாக்ஸி வரிசை நீளம். குளிர்.

அக்டோபர் 18, சனி: தூரின்

தாமதமாக எழுந்தேன். பிச்செரின் குடித்தேன். அடியில் கெட்டிச் சாக்லேட், நடுவில் காபி, மேலே ஆறிய க்ரீம். கலக்கக் கூடாதாம். 7 யூரோ கொடுத்துவிட்டுக் கலக்கினால் என்ன என்று தோன்றியது, ஆனால் பக்கத்து மேசைப் பாட்டி என் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடகைக் காரில் சூப்பெர்கா குன்றுக்குப் போனேன். 1949 மே 4, லிஸ்பனிலிருந்து திரும்பிய, இந்த ஊரின் இன்னொரு அணியான தொரினோவின் விமானம் மூடுபனியில் இந்தப் பெரிய தேவாலயத்தின் பின்சுவரில் மோதியது. 31 பேரும் இறந்தார்கள். பின்பக்கம் பெயர்ப் பலகை, பூக்கள், கழுத்துத் துண்டுகள். பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தால் மர்தெல்லி. மாந்துவா மைதானத்தின் தனிலோ மர்தெல்லி இவர்தான். அந்த மாவட்டத்துப் பையன், 25 வயது. இங்கே வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

கீழே வந்து பழைய கொமுனாலே மைதானத்தைச் சுற்றினேன். இப்போது அது தொரினோ அணியின் வீடு. ஜோஃப் காலத்தில் யுவென்டஸும் இங்கேதான் ஆடியது. 30 வயதில் இங்கே வந்தார். மற்றவர்கள் கடையைக் கட்டும் வயது. 11 சீசன், ஒவ்வொன்றிலும் 30 லீக் ஆட்டம். ஆக 330, ஒன்றைக்கூட விடவில்லை. காய்ச்சல் இல்லை, சுளுக்கு இல்லை, சஸ்பென்ஷன் இல்லை. 6 லீக் பட்டம். இந்த மாதிரி ஆளுக்கு மாற்று கோல்கீப்பராக இருந்தவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

எதிரே ஒரு மதுக்கடை. இரண்டு கிழவர்கள், ஒரு பேப்பர். யுவென்டஸ்காரர்கள். நான் பெயரைச் சொன்னதும் முதலாமவர் கண்ணை மூடிக்கொண்டு, "மகாத்" என்றார். இரண்டாமவர் பேப்பரை மேசையில் அடித்தார். இந்தச் சண்டை 1983இலிருந்து நடக்கிறது போல. மே 25, ஏதென்ஸ், ஐரோப்பியக் கோப்பை இறுதி. பிளாத்தினி, போன்யெக், ரோஸி எல்லோரும் இருந்த யுவென்டஸ். ஹாம்பர்கின் ஃபெலிக்ஸ் மகாத் ஆரம்ப நிமிடங்களில் பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்தார், பந்து ஜோஃபைத் தாண்டித் தூர மூலையில் விழுந்தது. 1-0, ஆட்டம் முடியும் வரை அதேதான். 41 வயது ஆளை நிறுத்தினால் இப்படித்தான் என்பது முதல் கிழவரின் கட்சி. அதற்கு ஐந்து வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டுமாம். 1978 உலகக் கோப்பையில் ஹாலந்தின் ஹான் வெகு தூரத்திலிருந்து அடித்தது, பிரேசிலின் நெலின்யோ வளைத்தது, எல்லாம் தூரத்துக் கோல்கள். அப்போதே பத்திரிகைகள் ஜோஃபுக்குக் கண் தெரியவில்லை என்று எழுதின.

"கண் தெரியாதவன்தான் நாலு வருடம் கழித்து ஓஸ்காரைப் பிடித்தானா?" என்றார் இரண்டாமவர்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1982 ஜூலை 5, பார்சிலோனா, சர்ரியா மைதானம். இத்தாலி 3, பிரேசில் 2. பிரேசிலுக்கு டிரா போதும். கடைசி நிமிடங்களில் ஒரு ஃப்ரீ கிக் உயர்ந்து வருகிறது, தடுப்பாட்டக்காரர் ஓஸ்கார் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் கீழ்நோக்கி அடிக்கிறார். ஜோஃப் இடப்பக்கம் பாய்ந்து பந்தைக் கோட்டின் மேலேயே அமுக்கிவிடுகிறார். தட்டிவிடவில்லை, பிடிக்கிறார். தட்டியிருந்தால் சுற்றி நின்ற பிரேசில்காரர் யாராவது திரும்ப உள்ளே தள்ளியிருப்பார். அவர்கள் கோல் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். ஜோஃப் கிடந்தபடியே பந்தைக் கோட்டில் பிடித்துக்கொண்டு நடுவரைப் பார்க்கிறார். நடுவர் அப்ரஹாம் க்ளைன் கோல் இல்லை என்கிறார்.

இரண்டாம் கிழவர் பிச்செரின் தம்ளரை மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் மூடிக் காட்டினார். "இப்படி. நகரவில்லை." முதலாமவர் தம்ளரைப் பார்த்தார். "அது சரி" என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் மகாத்..."

நான் கணக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். கதவு வரை கேட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு: மல்பென்சா

இரவுதான் விமானம். மல்பென்சா விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய கப்ரோனி தொழிற்சாலையில், வொலாந்தியா என்ற விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1982இல் மாட்ரிட்டிலிருந்து உலகக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்த ஜனாதிபதியின் டிசி-9 அங்கே நிற்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன்.

அந்த விமானத்துக்குள் எடுத்த படம் இத்தாலியில் எல்லோருக்கும் தெரியும். நடுவில் சின்ன மேசை, அதில் கோப்பை. சுற்றி நாலு பேர் ஸ்கோபோனே என்ற சீட்டாட்டம் ஆடுகிறார்கள். 85 வயது ஜனாதிபதி சாந்த்ரோ பெர்த்தீனி, ஜோஃப், எதிர் ஜோடியாகப் பேயர்சோத்தும் அணி வீரர் காவ்சியோவும். பெர்த்தீனியும் ஜோஃபும் ஒரு ஜோடி. அவர்கள்தான் தோற்றார்கள். ஜனாதிபதி பழியை ஜோஃப் மேல் போட்டார்.

எனக்கு முன்னால் ஒரு அப்பா எட்டு வயதுப் பையனுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தார். என் அரைகுறை இத்தாலியனுக்கே புரிகிற அளவு மெதுவாக.

"கோப்பையை ஜெயித்தவர் சீட்டில் தோற்றாரா?" என்றான் பையன்.

"ஆமாம்."

"யார் தப்பு?"

"ஜனாதிபதி தப்பு."

"அதை அவர் சொல்ல வேண்டியதுதானே?"

"ஜோஃபா?" என்றார் அப்பா. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஹெலிகாப்டர்கள் பக்கம் நகர்ந்துவிட்டார்.